ஒரே டப்பா பெயிண்ட், நாலு சுவரில் நாலு நிறம்! தெரியுமா?

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடித்தாக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஷேட் கார்டு விரிந்து கிடக்கிறது. ‘மூணு சுவர் க்ரீம், டி.வி. இருக்கிற சுவர் மட்டும் அடர் நீலம்’ என்கிறார் அப்பா. ‘நீலமா? மஸ்டர்டு அடிங்கப்பா’ என்கிறாள் மகள். ‘கான்ட்ராஸ்ட் அடிச்சா எடுப்பா இருக்கும் சார்’ என்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார் பெயிண்டர். காந்தி நகர், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் என்று அடையாறு வட்டாரத்தில் எந்த ஃபிளாட்டில் எட்டிப் பார்த்தாலும் மார்கழி மாதத்தில் இந்தப் பஞ்சாயத்துதான்.

ஆனால் சுவருக்குச் சுவர் எதிரெதிர் நிறம் பூசும் இந்த மோகத்தின் வேர்களில் ஒன்று அடையாறு ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, தெரியுமா? பாரிஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஷேட் கார்டாக நம் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது அது!

1875இல் நியூயார்க்கில் பிறந்த பிரம்மஞான சபை 1882இல் அடையாறு தோட்டத்துக்குக் குடிவந்தது. அந்தச் சபைக்கு 1907இல் தலைவரானவர் அன்னி பெசன்ட். பெசன்ட் நகருக்குப் பெயர் தந்தவர், ஹோம் ரூல் கேட்டவர் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு. அவர் நிறங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் என்பது தெரியுமா? சி. டபிள்யூ. லெட்பீட்டரோடு சேர்ந்து 1905இல் வெளியிட்ட ‘தாட் ஃபார்ம்ஸ்’ என்ற அந்த நூல், மனித எண்ணங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமும் வடிவமும் உண்டு என்றது. எந்த உணர்ச்சிக்கு எந்த நிறம் என்று வண்ண அட்டவணையே போட்டுக் கொடுத்தது. கோபத்துக்குச் சிவப்பு. அன்புக்கு ரோஜா. அறிவுக்கு மஞ்சள். பக்திக்கு நீலம். பொறாமைக்குப் பழுப்பு கலந்த பச்சை. வெறுப்புக்குக் கறுப்பு. மனச்சோர்வுக்குக் கனத்த சாம்பல், பயத்துக்கு வெளிறிய சாம்பல்!

அந்த அட்டவணையின்படி பார்த்தால், சாம்பல் நிறச் சுவரோடு சாவி கொடுக்கப்படும் இன்றைய புது ஃபிளாட்டுகள் எல்லாம் பயத்திலும் சோர்விலும் மூழ்கிக் கிடக்க வேண்டும். (மாதத் தவணையை நினைத்தால் அது அப்படியொன்றும் தப்புக் கணக்கில்லை என்பது வேறு விஷயம்.)

ஞான திருஷ்டியில் பார்த்து எழுதினோம் என்றார்கள் இருவரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தச் சிந்தனை யாரையெல்லாம் பிடித்து ஆட்டியது என்று பாருங்கள்! ருஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, கலையில் ஆன்மிகம் பற்றி 1911 கடைசியில் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில் பிரம்மஞான சபையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதே காண்டின்ஸ்கி 1922இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். எந்தப் பட்டறையை அவர் பொறுப்பில் விட்டார்கள் தெரியுமா? சுவருக்கு வண்ணம் பூசும் பட்டறை! எந்தச் சுவரில் எந்த நிறம் அடித்தால் அறை குறுகும், எதை அடித்தால் விரியும் என்பதெல்லாம் அங்கே பாடமாகவே ஆனது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே பௌஹவுஸ் ஓவியங்கள் கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்து கண்காட்சியில் தொங்கின. காண்டின்ஸ்கியின் படங்களும் அதில் இருந்தன.

இன்னொருவர் டச்சுக்காரர் மோன்ட்ரியான். சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களைக் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே வைப்பாரே, அவரேதான். 1909இல் பிரம்மஞான சபையில் உறுப்பினராகச் சேர்ந்தவர் அவர் என்றால் நம்புவீர்களா? பாரிஸில் தன் ஓவியக் கூடத்தின் வெள்ளைச் சுவர்களில் வண்ண அட்டைகளை ஒட்டுவார், பிடிக்காவிட்டால் இடம் மாற்றுவார், மறுபடி ஒட்டுவார். அறையே ஓவியமாகிவிட்டது. அவரும் சேர்ந்திருந்த ‘டி ஸ்டைல்’ குழுவின் கட்டடக் கலைஞர் ரீட்வெல்ட், 1924இல் உட்ரெக்ட் நகரில் ஷ்ரோடர் வீட்டைக் கட்டினார். வெள்ளை, சாம்பல், கறுப்புப் பரப்புகளுக்கு நடுவே திடீர் திடீரென்று சிவப்பு, நீலம், மஞ்சள்! இன்று அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். ‘ஒரு சுவரை மட்டும் எடுப்பாக அடிக்கலாம்’ என்று உங்கள் பெயிண்டர் சொல்லும்போது அவர் வாயிலிருந்து வருவது அந்தப் பரம்பரையின் குரல்.

அடையாறு அதோடு நிற்கவில்லை. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் பிரம்மஞான சபை வளாகத்தில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, பரதநாட்டியத்தோடு நெசவையும் கையிலெடுத்தது. உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர் எதிர் நிறம் என்று பட்டையைக் கிளப்பும் புடவைக்கு இன்றும் ‘கலாக்ஷேத்ரா புடவை’ என்றே பெயர். காஞ்சிபுரத்தில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? உடலுக்குத் தனி நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஓட்டுவதற்குத் துணைக்கு இன்னொரு ஆள். உடலும் கரையும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்படி நெய்யும் இந்த வேலைக்குக் கோர்வை என்று பெயர். அரக்குக்குக் கிளிப்பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்கு வாடாமல்லிக் கரை. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்த நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ என்ற பெயரே நிலைத்துவிட்டது.

இதற்கும் சுவருக்கும் என்ன சம்பந்தமா? உள்அலங்காரப் படிப்பில் 60-30-10 என்று ஒரு கணக்கு சொல்லித்தருகிறார்கள். அறையில் 60 பங்கு ஒரே அமைதியான நிறம், 30 பங்கு இரண்டாவது நிறம், 10 பங்கு மட்டும் கண்ணைப் பறிக்கும் நிறம். உடல், கரை, ஜாக்கெட்! தி. நகர் பட்டுக் கடையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து அரை நாளில் இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும் நம் வீட்டு அம்மாக்கள், பெயிண்ட் என்றதும் ஏன் ‘எல்லாச் சுவரும் க்ரீமே அடிச்சுடுங்க’ என்று பின்வாங்குகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத அதிசயம். எந்த டிசைனரையும்விட அவர்களுக்குத்தான் கான்ட்ராஸ்ட் கைவந்த கலை.

பக்கத்து வீட்டுக்காரர் செய்யும் மாயம்

இப்போது தலையைச் சுற்ற வைக்கும் ஒரு சங்கதி. பாரிஸின் கோப்லான் அரச நெசவாலையில் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைமை ஏற்றவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அவர் மேஜைக்கு ஒரு புகார் வந்தது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்த கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறதாம், சாயம் சரியில்லையாம். ஷெவ்ரல் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! குற்றவாளி பக்கத்து நூல். அடர் நீலம் தன் எதிர் நிறத்தின் சாயலை அக்கம்பக்கத்தில் வீசிவிடுகிறது. கறுப்பு அதை வாங்கிக்கொண்டு பழுப்பேறித் தெரிகிறது. 1839இல் இதை ஒரு விதியாகவே எழுதி வெளியிட்டார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்த் திசைக்குத் தள்ளும் என்பது அதன் சாரம். (அவர் 102 வயது வாழ்ந்து, ஈபிள் கோபுரம் திறந்த சில நாட்களில் 1889 ஏப்ரலில் கண்மூடினார். கொசுறுச் செய்தி!)

அதாவது, ஒரே க்ரீம் டப்பாவை உடைத்துச் சிவப்புச் சுவருக்குப் பக்கத்தில் அடித்தால் லேசாகப் பச்சை தட்டும். நீலச் சுவருக்குப் பக்கத்தில் அடித்தால் மஞ்சள் கூடும். ‘நான் கேட்டது இந்தக் க்ரீம் இல்லை, டப்பாவை மாத்திட்டீங்க’ என்று எத்தனை வீடுகளில் பெயிண்டரோடு சண்டை நடந்திருக்கும்! பாவம், அவர் நிரபராதி.

நம்பிக்கையில்லையா? ஒரு நிமிடம் சோதித்துப் பாருங்கள். சிவப்புத் துணி ஒன்றை அரை நிமிடம் இமைக்காமல் பார்த்துவிட்டுச் சட்டென்று வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சையாக ஒரு பேய் அங்கே மிதக்கும்! கண்ணில் சிவப்பை வாங்கும் செல்கள் களைத்துப்போவதால் மற்றவை ஓங்கிவிடுகின்றன. ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் பச்சையாக ஏன் இருக்கிறது என்பதற்கும் விடை இதுவே. 1914இல் சான்பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை மருத்துவர், வெள்ளைச் சுவரின் கூசலும் ரத்தச் சிவப்பின் பச்சைப் பேயும் தொல்லை தந்ததால் தன் அறுவை அறைக்குக் கீரைப் பச்சை பூசினார். உலகமே பின்தொடர்ந்தது.

சிவப்பையும் நீலத்தையும் நேருக்கு நேர் மோதவிடும் ஆசை இருந்தால் ஒரு எச்சரிக்கை! இரண்டு நிறமும் கண்ணுக்குள் ஒரே இடத்தில் குவிவதில்லை. அதனால் அடர் சிவப்பும் அடர் நீலமும் ஒட்டி நின்றால் பெரும்பாலோருக்குச் சிவப்பு முன்னால் வந்து நிற்பதாகவும், நீலம் பின்வாங்குவதாகவும், சேரும் கோடு நடுங்குவதாகவும் தோன்றும். விளம்பரப் பலகைக்கு நல்லது. படுக்கையறையில் வேண்டாம். நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை விட்டால் நடுக்கம் தணியும்.

பவர்கட் நேரத்து விந்தை

அந்தி நேரம், கரண்ட் போய்விட்டது, விளக்கு ஏற்றவில்லை. உங்கள் கான்ட்ராஸ்ட் அறையைப் பாருங்கள். பகலில் நீலத்தைவிடப் பளிச்சென்று இருந்த சிவப்புச் சுவர் கறுத்துவிட்டிருக்கும். நீலச் சுவரோ வெளிறி மிதக்கும்! செக் நாட்டு மருத்துவர் புர்கின்யே 1819லேயே பூக்களைப் பார்த்துக் கண்டுபிடித்த விந்தை இது. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணில் வேறு வகைச் செல்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. பகலில் ஒரு அறை, அந்தியில் வேறொரு அறை. ஒரே பெயிண்ட் காசில் இரண்டு!

சரி, பகல் வெளிச்சத்துக்கு வருவோம். அடையாறுவாசிகள் அத்தனை பேரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன்.

இங்கிலாந்து, அமெரிக்காவில் அச்சாகும் பெயிண்ட் வழிகாட்டிகள் எல்லாம் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன: வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த வெளிச்சம், அதற்கு மஞ்சள், ஆரஞ்சு மாதிரி சூடான நிறம் அடியுங்கள். நம் ஊர் உள்அலங்காரக்காரர்களும் அதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். லண்டன் 51 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, அங்கே நடுப்பகல் சூரியன் என்றைக்கும் தெற்கில்தான். அடையாறு எங்கே இருக்கிறது? 13 டிகிரியில்! ஏப்ரல் கடைசி வாரம் ஒரு நாள் சூரியன் நேர் உச்சியில் வந்து நம் நிழலையே விழுங்கிவிடுகிறது. அதன் பிறகு அது வடக்கே போய்விடும்! ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி உச்சிக்கு வரும்வரை உதிப்பதும் வடகிழக்கில், உச்சியும் வடக்குச் சாய்வில், மறைவதும் வடமேற்கில். நாலு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நாள் முழுக்கச் சூரியன் வடபாதி வானத்திலேயே உலாவுகிறது. அதில் அக்னி நட்சத்திரமும் அடக்கம். அந்த வடக்கு அறைக்கு லண்டன் புத்தகத்தைப் பார்த்து ஆரஞ்சு அடித்தால் மே மாதக் காலையில் உள்ளே உட்கார முடியுமா?

மாறாகத் தெற்குப் பார்த்த அறைக்கு மார்கழிதான் திருவிழா. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூடச் சூரியன் சுமார் 54 டிகிரி உயரத்துக்குமேல் ஏறாது. ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து தரைவரை வந்துவிடும். தரையில் விழுந்த வெயில் அங்கேயே தங்காது. தரையின் நிறத்தைச் சுமந்துகொண்டு சுவரேறும். பழைய மயிலாப்பூர், அடையாறு வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை நினைவிருக்கிறதா? வெறும் சுண்ணாம்பு அடித்த சுவர்கூட அங்கே இளஞ்சிவப்பாக மின்னியதன் ரகசியம் அதுதான். தரையை உடைத்து வெள்ளை டைல்ஸ் போட்ட பிறகு அதே வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று புலம்பி என்ன பயன்?

மரமும் பெயிண்ட் அடிக்கும், தெரியுமா? தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த தெருக்களில் முதல் மாடி ஜன்னல்கள் வழியே உள்ளே வருவது இலையில் வடிகட்டிய பச்சை வெளிச்சம். அந்த அறையில் இளம் ரோஜா நிறம் அழுக்காகத் தெரியும். மங்கல் பச்சையோ துள்ளும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனதே, அன்றைக்கு ஜன்னல் மரத்தை இழந்த அறைகள் அத்தனையிலும் ஒரே இரவில் சுவரின் நிறம் மாறிவிட்டது. ஒரு சொட்டுப் பெயிண்ட் இல்லாமல்!

எந்தச் சுவரை அடர்த்தியாக அடிப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜன்னல் இருக்கும் சுவரை அடர் நிறமாக்கினால் கறுப்புக்கு நடுவே வெளிச்சக் கட்டம் மாதிரி ஜன்னல் கண்ணைக் கூசும். அதை வெளிர் நிறமாக விட்டு, எதிர்ச் சுவரையோ பக்கச் சுவரையோ அடர்த்தியாக்குங்கள். கடற்கரை ஊரின் கூசலை அந்தச் சுவர் குடித்துவிடும். எந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணே உண்டு. நல்ல வெள்ளை 80க்கு மேல் வாங்கும், அடர் நீலம் 10ஐத் தொடுவதே கஷ்டம்.

இந்த மதிப்பெண் வெறும் அழகு சமாசாரமில்லை. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோர் மட்டும் அடையாறு ஃபிளாட்டில் என்ற வீடுகள் எத்தனை! வயதாக ஆகக் கண் வில்லை மஞ்சளேறுகிறது. நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்புகின்றன, வெளிர் நிறங்கள் எல்லாம் ஒன்றாகக் கரைகின்றன. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை சுவிட்ச் போர்டு, வெள்ளை டாய்லெட் என்று இருந்தால் பெரியவர்களுக்குக் கதவு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. சுவருக்கும் கதவுக்கும் இந்த மதிப்பெண்ணில் 30 புள்ளியாவது வித்தியாசம் வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் கட்டட வழிகாட்டுதல். கான்ட்ராஸ்ட் தேவைப்படும் முதல் இடம் டி.வி. சுவர் அல்ல, பாத்ரூம்! கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணில் மட்டும் முடிந்தவரைக் கேட்டுப் பாருங்கள்: ஆபரேஷன் ஆன கண்ணால் பார்த்தால் சுவர் நீலம் பூத்த வெள்ளை, மற்றக் கண்ணால் பார்த்தால் அதே சுவர் டீத்தண்ணி நிறம்!

வெள்ளை எங்கிருந்து வருகிறது தெரியுமா? கறுப்பிலிருந்து! இன்றைய பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளில் ஒன்று இல்மனைட் என்ற கறுப்பு மணல். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கால் வைத்தால் அது உங்கள் காலில் ஒட்டும். ஒளியை வைரத்தைவிடவும் பலமாக வளைக்கும் பொருள் இந்த டைட்டானிய வெள்ளை. அதனால்தான் மெல்லிய பூச்சே பழைய சுவரை மறைத்துவிடுகிறது. அடர் நிறங்களைக் கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயிண்டில் (பேஸ்) இந்த வெள்ளை மிகக் குறைவு. அடர் மஞ்சளும் சிவப்பும் இரண்டு கோட்டில் அடங்காமல் ‘இன்னொரு கோட் கேக்குது சார்’ என்று பெயிண்டர் சொல்வது காசு பிடுங்க அல்ல!

நீலம் பிடித்தவர்களுக்கு ஒரு பெருமை. கோபால்ட் நீலம் 1802இல் வந்தது. அதன் பிறகு புதிதாக ஒரு நல்ல கனிம நீல நிறமி கிடைப்பது அபூர்வமாகவே இருந்தது. 2009இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், மின்னணுக் கருவிகளுக்காக ஏதோ ஒரு கலவையை உலையில் ஏறத்தாழ 1,200 டிகிரியில் சுட்டபோது பளீர் நீலமாக ஒன்று வெளியே வந்தது. இட்ரியம், இண்டியம், மாங்கனீசு மூன்றின் பெயரையும் ஒட்டி ‘யின்மின் நீலம்’ ஆனது. அந்த ஆய்வுக்கூடத்தின் பேராசிரியர் யார் தெரியுமா? மாஸ் சுப்பிரமணியன். சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அடையாற்றுக்கு அடுத்த வேலியான ஐ.ஐ.டி.யில் 1982இல் முனைவர் பட்டம் வாங்கியவர்! அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் குணமும் இந்த நீலத்துக்கு உண்டு என்பதால் வெயிலில் அதிகம் சூடேறாது. இண்டியம் விலை இறங்காதவரை நம் வரவேற்பறைக்கு வராது என்பதுதான் சோகம்.

கான்ட்ராஸ்ட் தேர்வில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. எந்த ஜோடியைத் தொட்டாலும் ஒரு கட்சி! கறுப்பு-சிவப்பு அடித்தால் சொல்லவே வேண்டாம். நடுவில் வெள்ளைப் பட்டை விட்டால் எதிரணி. நீலம்-சிவப்புக்கு ஒரு கட்சி, நீலம்-மஞ்சள்-சிவப்புக்கு இன்னொன்று. பட்டுப் புடவைக்காரர்களின் செல்ல ஜோடியான அரக்கும் மஞ்சளும்கூட 2024 ஆகஸ்ட் முதல் ஒரு கட்சிக்கொடியாகிவிட்டது. இந்தக் கட்சிச் சிக்கலால்தானோ என்னவோ, அதற்கு முன்பே பேன்டோன் நிறுவனம் 2021க்கு ‘ஆண்டின் நிறம்’ என்று சாம்பலையும் மஞ்சளையும் ஜோடியாக அறிவித்தபோது நம்மவர்கள் நிம்மதியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

இந்த நிறம் மனத்தை அமைதியாக்கும், அந்த நிறம் பசியைத் தூண்டும் என்று அடித்துச் சொல்பவர்களை எவ்வளவு நம்பலாம்? 1979இல் சியாட்டில் கடற்படைச் சிறையின் அறை ஒன்றுக்குப் பளீர் இளஞ்சிவப்பு பூசினார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கிவிட்டது என்று பெரிய பரபரப்பு! சிறை அதிகாரிகள் பேக்கர், மில்லர் இருவர் பெயரையே அந்த நிறத்துக்கு வைத்தார்கள். பின்னால் கறாராக நடந்த சோதனைகளில் அப்படி எந்த விளைவும் தெரியவில்லை. அன்னி பெசன்ட் அட்டவணைக்கும் இதற்கும் நடுவே எனக்குப் பெரிய வித்தியாசம் தோன்றவில்லை. அவருடைய அட்டவணை நல்ல ஓவியர்களையாவது தந்தது.

கடைசியாக ஒரு ஆபத்தான சங்கதி. பழைய பளீர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல்களுக்கு அந்தப் பளபளப்பைத் தந்தவற்றில் ஈயமும் உண்டு. இந்திய விதி 2016இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறையானது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. அதற்கு முந்தைய கிரில்லையும் ஜன்னலையும் உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்புங்கள், பெயிண்டருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

பெயிண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷேட் கார்டில் இருக்கும் தீப்பெட்டி அளவுக் கட்டத்தைப் பார்த்துக் கடை டியூப்லைட்டின் கீழே முடிவெடுக்காதீர்கள். இரண்டு நிறத்துக்கும் சின்ன டப்பா வாங்கி, இரண்டு சுவரும் சேரும் மூலையில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்துக் காய விடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் பெரும்பாலும் இன்னும் அடர்த்தி. காலை ஏழு மணிக்கு, நடுப்பகலில், அந்தியில், இரவு உங்கள் வீட்டு விளக்கில் என்று நாலு வேளையும் பாருங்கள். வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டிக் கதவு தெரிகிறதா என்று கேளுங்கள். வடக்கு அறையாக இருந்தால் மே மாதத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு அடுத்த பொங்கலுக்குப் பூசினாலும் ஒன்றும் குறைந்துவிடாது.